மேசைக்கு அடியில் ஒரு நாள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை இழுத்து மூடிவிட்டு, சலூன்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு விமானம் ஏறினால் ஊர் சும்மா இருக்குமா? அவர் மனைவி லிஃப்ட் மெக்கானிக். புதுக் கட்டடங்களில் லிஃப்ட் பொருத்த, கம்பெனி அவரை நாடு நாடாக அனுப்பியது. "பொண்டாட்டி முந்தானையப் பிடிச்சுக்கிட்டுப் போறான்" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! கத்திரியும் சீப்பும் கையில் இருந்தால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். முடி வளராத நாடு என்று ஒன்று உண்டா என்ன?

இது மூன்றாவது நாடு. அடுக்குமாடியில் இரண்டு அறை. குளியலறை வாசலில் நாற்காலியைப் போட்டு அக்கம்பக்கத்தாருக்கு முடி வெட்டுவார்; அவர்கள் வாயைக் கிளறியே அந்த ஊர்ப் பாஷையையும் பிடித்துவிடுவார். மனைவி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் சமையல், துணி, மூன்று பாஷையில் அடம்பிடிக்கிற சின்னவன் எல்லாம் இவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நால்வரும் போய், அம்மா பொருத்திய லிஃப்டில் ஏறி இறங்கிக் கும்மாளம் போடுவார்கள். எதுவும் அவருக்குப் பாரமில்லை. பாரமெல்லாம் பெரியவள் விஷயம்தான்.

ஒன்பது வயது. பள்ளியில் சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்கள்: பாஷை தெரியாத பிள்ளை, ஒரு மாதம் பார்ப்போம், ஒட்டவில்லையென்றால் இரண்டு வகுப்பு இறக்கிவிடுவோம். இது காதில் விழுந்ததிலிருந்து ஊரிலிருக்கும் அக்கா போன் மேல் போன்.

"டேய், பிள்ளையப் பந்தாடாதே. எங்கிட்ட அனுப்பு. ஒரே ஸ்கூல்ல உருப்படியாப் படிக்கட்டும்."

"இந்த மாசம் போகட்டும்க்கா. இறக்கிட்டாங்கன்னா நானே கொண்டாந்து விடுறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, அன்றிலிருந்து மனுஷனுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. அவள் இல்லாத வீடு ஒரு வீடா?

மாதக் கடைசியில் பள்ளியிலிருந்து போன் வந்தது, உடனே வரச் சொல்லி. பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடமே சின்னவனை ஒப்படைத்துவிட்டு ஓடினார்.

"உங்க பொண்ணு இன்னிக்குப் பாடமே கவனிக்கல," என்றார் வகுப்பு டீச்சர். "நாள் பூரா மேசைக்கு அடியில உட்கார்ந்திருந்தா."

இவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "அப்படிப்பட்ட பிள்ளை இல்லைங்க அவ..."

"இருங்க, முழுசாக் கேளுங்க. புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கா. வேற நாடு. வந்ததும் மேசைக்கு அடியில போய் உட்கார்ந்து ஒரே அழுகை. நானும் கெஞ்சிப் பார்த்தேன், ம்ஹூம். உங்க பொண்ணு எழுந்து போய்ப் பக்கத்துல உட்கார்ந்துட்டா. சாப்பாட்டையும் அங்கேயே பங்கு போட்டுக்கிட்டா. சாயங்காலம் ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு வெளிய வந்தாங்க."

"அப்போ... வகுப்பு?"

"பாஷை போகப் போக வந்துடும். இவளை நான் எங்கயும் விடறதா இல்ல."

மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளி வாசலிலேயே அக்காவுக்குப் போன் போட்டார். "புள்ள அங்க வரமாட்டாக்கா! எங்ககூடத்தான் இருப்பா! என்னைப் பார்த்துச் சிரிச்சாங்கல்ல, அவங்களை இப்பச் சிரிக்கச் சொல்லு!" அக்கா என்ன ஏது என்று கேட்பதற்குள் நடந்ததை இரண்டு தடவை சொல்லி முடித்துவிட்டார்.

மகளோடு வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"உனக்கு அவ பாஷை தெரியாது, அவளுக்கு உன் பாஷை தெரியாது. நாள் பூரா என்னம்மா பேசினீங்க?"

"ஒண்ணும் பேசலப்பா. சும்மா பக்கத்துல இருந்தேன்."

"அது போதும்னு உனக்கு யார் சொன்னா?"

அவள் தோளைக் குலுக்கினாள். "மொத நாட்டுல நானும் இப்படித்தான்ப்பா மேசைக்கு அடியில உட்கார்ந்திருந்தேன். யாராச்சும் வருவாங்களான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். யாரும் வரல."

சலூன்காரர் நின்றுவிட்டார். அந்த நாட்டில் தினமும் சாயங்காலம், "ஸ்கூல் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். "நல்லா இருந்துச்சுப்பா" என்றுதான் ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கிறாள். நடுத்தெரு என்றும் பார்க்காமல் மகளை அலாக்காகத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார்.

"ஐயோ, இறக்கி விடுப்பா! எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும்மா," என்றார். "நல்லாப் பாக்கட்டும்."