கிட்டிப்புள் ஆடப் போன டீச்சர்

மூன்று வருஷத்துக்கு முன்னால், 1958-ல், கறம்பக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. வயது பத்தொன்பது. "ஒரு மாசம் பாரு. முடியலைன்னா வந்துடு, மாப்பிள்ளை பாத்துடலாம்" என்று சொல்லித்தான் அப்பா பஸ் ஏற்றிவிட்டார்.

ஐந்தாம் வகுப்பில் என்னைவிட உயரமாக நாலு பையன்கள். எனக்கு முன்னால் வந்த இரண்டு வாத்தியார்களை ஓட வைத்தவர்கள். மூன்று வாரம் ஆகியும், கரும்பலகைப் பக்கம் நான் திரும்பினால் போதும், பின்னால் ஆட்டுக்குட்டி கத்தும்.

அப்போதுதான் டிரெயினிங் ஸ்கூலில் படித்த ஒரு புத்தகம் ஞாபகம் வந்தது. போன நூற்றாண்டில் அமெரிக்கப் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்டுப் பேர் வாங்கிய ஒரு அம்மாள், அதற்கு முன்னால் டீச்சராம்! இடைவேளையில் முரட்டுப் பையன்களோடு விளையாடி, அவர்களுக்குச் சளைக்காமல் ஆடிக் காட்டியே வழிக்குக் கொண்டுவந்தாராம். இவ்வளவுதானே!

மறுநாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிட்டிப்புள் ஆட இறங்கினேன்.

"சாக்பீஸ் இல்லீங்க டீச்சர், கோலு கனக்கும்" என்றான் நாலு பேருக்கும் தலைவன்.

அந்த அம்மாள் அண்ணன்மாரோடு ஆடிப் பழகியவர், நானோ வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பது அப்போது உறைக்கவில்லை. இரண்டு வீச்சு காற்றில் போனது. மூன்றாவதில் புள் பறந்துபோய் அந்தத் தலைவன் புருவத்தைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குத்தான் கண் இருட்டியது. அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

கண் திறந்தால், நாலு பேரும் சிலேட்டால் எனக்கு விசிறுகிறார்கள்! அடிபட்டவன் ஒரு கையால் புருவத்தில் பச்சிலையை அழுத்திக்கொண்டு மறு கையால் விசிறினான்.

சாயங்காலம் அவன் ஆத்தா வந்து நின்றார். வேலை போச்சு, இனி மாப்பிள்ளைதான் என்று நினைத்தேன்.

"கல்லுல விழுந்துட்டேன் ஆத்தா" என்றான் அவன்.

"இல்லீங்க, நான்தான் அடிச்சேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவன் தனக்காகத்தான் பொய் சொல்லுவான். அடுத்தவுகளுக்காகச் சொல்லி இன்னைக்குத்தான் பாக்குறேன். நீங்க இங்கிட்டே இருங்க டீச்சரம்மா. அந்தக் கோலை மட்டும் தொடாதீங்க."

அதற்கப்புறம் ஆட்டுக்குட்டி கத்தவில்லை.

இப்போது ஹைஸ்கூலில் படிக்கும் அவன், போன வாரம் என்னைப் பார்க்க வந்தான். புருவத் தழும்பு என் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று முடியை முன்னால் இழுத்து வாரியிருந்தான். வகுப்பில் யார்மீதாவது கோபம் பொங்கும்போதெல்லாம் அவன் முடியை வாரியிருந்த விதம்தான் நினைவுக்கு வருகிறது. எடுத்த பிரம்பை மேசையிலேயே வைத்துவிடுகிறேன்.