சுடாத துப்பாக்கி

மகள் விளையாட்டுத் துப்பாக்கியில் பொட்டு வெடித்தாள். அந்தக் கந்தக வாசம் என்னைச் சிறுவயதில் நாங்கள் இருந்த நியாலாஸ் தோட்டத்து வீட்டுக்கு இழுத்துப்போனது.

காட்டுப்பன்றி சுட, குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி ஒன்றை அப்பா வாங்கியிருந்தார். பொட்டு வெடிக்கும், குண்டு கிளம்பாது. மருந்தை வெயிலில் காயவைத்தார். பொட்டு மாட்டும் முனையை மாற்ற ஜாசின், மலாக்கா எல்லாம் அலைந்தார், கிடைக்கவில்லை.

“உன் தம்பி வேலைதான்லா இது. மொதல்ல அவனத்தான் சுடணும்,” என்று அம்மாவிடம் உறுமினார். ஒரு கல்யாண வீட்டுச் சண்டையிலிருந்து மாமாவோடு அவருக்குப் பேச்சில்லை.

ஒரு மத்தியானம், பொட்டின் பொறி மருந்துக்குப் போகும் அந்த முனையின் துளையில் அம்மா தேங்காயெண்ணெய் விடுவதைப் பார்த்துவிட்டேன்.

“ஏம்மா?”

“அப்பாவுக்குக் கோவம் தணியட்டும். நிறுத்திர்றேன்.”

அப்பா இறக்கும்வரை அம்மா நிறுத்தவேயில்லை.