தோணி எட்டு, கம்பு ஒன்றுமில்லை

இரண்டாம் உலக யுத்த காலம். அந்த வருடம் ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. நான் மட்டக்களப்பில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்தேன். வெள்ளம் வந்தால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைச் சனங்களை எப்படி இக்கரைக்குக் கொண்டுவருவது என்று திட்டம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

அரசாங்கத்திடம் தோணி கிடையாது. காத்தான்குடி வியாபாரி ஒருவரிடம் நெல் ஏற்றும் தோணிகள் எட்டு இருந்தன. கச்சேரித் தலைவரான துரை அவரை அழைத்துப் பேசினார். அவசரத்துக்கு எட்டையும் தருவதாக அவரும் மனமுவந்து ஒப்புக்கொண்டார். எந்தத் தோணி எந்த ஊருக்கு, யாரை முதலில் ஏற்றுவது என்று ஆறு பக்கம் எழுதினேன். துரை பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் என் மனைவி முதல் பிரசவத்துக்காக அக்கரையில் தாய் வீட்டில் இருந்தாள்.

மார்கழியில் ஒருநாள் விடிந்ததும், படுவான்கரை வயல் வட்டைகள் எல்லாம் மூடி, தண்ணீர் வீடுகளுக்குள் ஏறுவதாகச் செய்தி வந்தது. பட்டியலை எடுத்துக்கொண்டு காத்தான்குடித் துறைக்கு ஓடினேன். முதலாளி சொன்ன சொல் தவறாமல் முந்தின நாளே எட்டுத் தோணியையும் கொண்டுவந்து கட்டியிருந்தார். அவரும் குடையோடு நின்றார். ஆனால் ஒரு தோணியிலும் கம்பு இல்லை!

வாவியில் தோணியைக் கம்பால் ஊன்றித்தான் தள்ள வேண்டும். தோணி முதலாளியுடையது, கம்பு தோணிக்காரனுடையது. தன் உயரத்துக்கும் கைக்கும் ஏற்றபடி வெட்டி வைத்திருப்பான். வேலை முடிந்தால் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். முந்தின நாளும் அப்படித்தான் போயிருந்தார்கள். நில்லுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"கச்சேரியால ஆள் விட்டுச் சொல்லுவீங்க எண்டுதானே நான் இருந்தன்!" என்றார் முதலாளி.

அவர் சொல்லுவார் என்று நான் இருந்தேன். என் ஆறு பக்கத்தில் தோணிக்காரர் ஒருவரின் பெயர்கூட இல்லை. அந்தத் துறையில் நின்று வாய்விட்டு அழுதேன் என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

சற்று நேரத்தில் மழைக்குள் ஆட்கள் வருவது தெரிந்தது. எட்டுப் பேர், தோளில் கம்புகள். அவர்கள் வீட்டிலும் முழங்கால் தண்ணீர். பெண்டுபிள்ளைகளைப் பள்ளிவாசலில் விட்டுவிட்டு நேரே வந்திருந்தார்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்று முன்னால் வந்தவரிடம் கேட்டேன்.

"ஆர் சொல்லணும்? தண்ணியப் பாத்தா விளங்காதா? ஏறுங்க கிளாக்கர் ஐயா, மறுகா கதைப்பம்."

என் பட்டியலை அவர்கள் கேட்கவே இல்லை. எந்த ஊர் முதலில் தாழும் என்று அவர்களுக்குத் தெரியும். நான் கடைசியில் எழுதியிருந்த என் மாமனார் ஊருக்குத்தான் முதலில் விட்டார்கள். கோயில் மடத்தில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்த மனைவி என்னைக் கண்டதும், "இப்பதான் உங்களுக்கு வர நேரம் கிடைச்சதோ?" என்று ஏசினாள். அந்த ஏச்சைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரியில் மகள் பிறந்தாள்.

அடுத்த வருடம் வெள்ளத் திட்டம் போடும் கூட்டத்துக்குத் தோணிக்காரர்களையும் அழைத்தோம். கச்சேரிக் கதிரையில் உட்கார அவர்களுக்கு அப்படி ஒரு கூச்சம்! கையைப் பிடித்து இருத்தவேண்டியதாயிற்று.

இன்று அந்த மகளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் என் மடியில் ஏறி விளையாடும்போதெல்லாம், நான் பெயர் எழுத மறந்த எட்டுப் பேர் தந்த வாழ்வல்லவா இது என்று நெஞ்சு நிறைந்துபோகிறது.