கிளினிக் கிழமை மாத்திரை

என் எழுத்து கோணல். ஞாபகமும் அரைகுறை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் — பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மறக்க முடியவில்லை. மறக்க விடுவாரா எங்கள் வீட்டுக்காரர்?

அவருக்குப் பிரஷர். மாதா மாதம் பன்விலவில் பஸ் ஏறி, கண்டியில் கிளினிக் போவோம். போகிற கிழமை மட்டும், முந்திய ஆறேழு நாள், மாத்திரை குடிப்பார். வீடு திரும்பியதும் மாத்திரை அலுமாரிக்குள்... அடுத்த மாதம் வரை.

கேட்டால், "தலை சுத்துதா? இல்ல. நெஞ்சு வலிக்குதா? இல்ல. சும்மா எதுக்குடி மருந்து?"

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். தோட்டத்துப் பெரிய அதிகாரி, தொரை, பார்க்க வருகிறார் என்றால்தானே லயத்து வாசல் சாக்கடைக் கானைக் கழுவுவோம்? இவருக்கு டொக்டரும் ஒரு தொரை. அதனால் கிளினிக் கொப்பியில் எழுதுகிற பிரஷர் எப்போதும் நல்ல பிள்ளை!

இந்த முறை இரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டரம்மாவின் முகம் மாறியது.

"ஐயா, சிறுநீர்ல புரதம் போகுது. கிட்னி பழுதாகத் தொடங்கிருச்சு. மருந்து ஒழுங்கா குடிக்கிறீங்கதானே?"

"ஒரு நாள் தவறல டொக்டரம்மா."

கூசாமல் சொன்னார்!

"அப்ப இந்த மருந்து போதாது. கூட்டி எழுதுறேன்."

குடிக்காத மருந்தைக் கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன? யாராவது என் பெயரைக் கேட்டாலே, பதில் சொல்ல அவர் முகத்தைப் பார்க்கிறவள் நான். அன்றைக்கு என்ன வந்ததோ...

"இல்லம்மா. கிளினிக் வர்ற கிழமை மட்டுந்தான் குடிப்பாரு. மிச்சமெல்லாம் அலுமாரியில கெடக்கு."

டொக்டரம்மாவின் பேனா நின்றது. தொரையிடம் கோள் சொன்னவளைப் பார்ப்பது போல் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

டொக்டரம்மா ஏசவில்லை. "கிட்னிக்குள்ள நூல விட மெல்லிய ரத்தக் குழாய்ங்க இருக்கு, ஐயா. அதுதான் ரத்தத்த வடிகட்டுது. பிரஷர் கூடுனா அது கெட்டுப்போகும். கெடும்போது வலிக்காது. கெட்டதத் திருப்பி எடுக்கிறது கஷ்டம். தினமும் மருந்து குடிச்சு, உப்பக் குறைச்சா மிச்சத்தக் காப்பாத்தலாம்."

பஸ்ஸில் வாய் திறந்தார். "மானத்த வாங்கிட்டியேடி!"

"போன மானம் ரெண்டு நாள்ல வந்துரும். கிட்னி வருமா?"

மாத்திரைப் பையை என் மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரை மட்டும் சொல்லி என்ன? இத்தனை மாதம் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தவள் நான். ஏன் என்று கேட்டால் — டொக்டர் முன்னால் பேச எனக்கு வெட்கமாம்! நீங்களும் உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள்.

கிட்னியைப் பற்றி எழுதியதில் எதையாவது மாற்றிச் சொல்லியிருப்பேன். விபரம் தெரிந்த யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். மாத்திரையை நான் தினமும் எண்ணிச் சரிபார்க்கிறேன்.