அத்தை வீட்டு முகப்பில் என் தலை

எனக்கு முன்னால் என் தலைக்கு வேலை கிடைத்துவிட்டது. பாடாலூரில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையோரம் அத்தை கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் முகப்பில் வேலை. போகிறவர் வருகிறவர் வைக்கும் கண்ணையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும். சம்பளம் கிடையாது. ஆனால் மரியாதை இருந்தது. அதன் சொந்தக்காரனுக்கு அதுவும் இல்லை.

அப்போது நான் கும்பகோணத்தில் சிற்பக் கலை படித்துக்கொண்டிருந்தேன், கடைசி வருடம். எங்கள் ஊரான பெரம்பலூரில் யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டு, சிற்பம் என்று சொன்னால், "கோயில் வேலையா தம்பி?" என்பார்கள். "இல்லைங்க, மாடர்ன்" என்பேன். "ஓ, அப்ப வேலை இல்ல" என்று அவர்களே முடித்துவிடுவார்கள்.

விடுதியில் எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. கலை எது, கைவினை எது? டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து, அடுப்பை அணைத்து, எங்களையும் எழுப்பிவிடும்வரை அது ஓடும். கடைசியில் நான் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். எதற்காவது பயன்பட்டால் அது கைவினை. எதற்குமே பயன்படாவிட்டால் அது கலை. இந்தக் கணக்குப்படி எங்கள் வீட்டில் இருந்த ஒரே கலைப்படைப்பு நான்தான். அப்பாவும் வேறு வார்த்தைகளில் இதை அவ்வப்போது உறுதிப்படுத்திக்கொண்டிருந்தார்.

கடைசி வருடப் பரீட்சைக்கு ஒவ்வொருவரும் தன் முகத்தைத் தானே சிலையாகச் செய்துவைக்க வேண்டும். அது இல்லையென்றால் அந்த வருடமே போச்சு. போனால் என்ன ஆகும் என்பதை அப்பா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

"இந்த வருசம் பாஸாவலைன்னா பொட்டியக் கட்டிட்டு அரியலூருக்குப் போயிடு. சிமெண்டு ஆலையில லாரி எண்ணற வேலைக்கு ஆளு பாத்து வெச்சிருக்கேன். லாரியில மாடர்னு லாரி, பழய லாரின்னு கெடையாது. வர்றதையெல்லாம் எண்ண வேண்டியதுதான்."

அதனால் உயிரைக் கொடுத்துச் செய்தேன். ஒரு கண்ணாடியை எதிரே சாத்திவைத்துக்கொண்டு வாரக்கணக்கில் என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துக் களிமண்ணில் பிடித்தேன். அவ்வளவு நாள் அதை விடாமல் பார்த்த ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். பிறகு அச்செடுத்து, அச்சுக்குள் சிமெண்டைப் பூசி, உள்ளே கூடாக வார்த்து எடுத்தேன்.

பாதி வேலையில் ஒரு செய்தி வந்தது. என் வகுப்பில் விக்கிரமங்கலத்துக்காரன் ஒருவன் இருந்தான். பழைய சணல் சாக்குகளை ஒன்றோடொன்று தைத்து, கூரையிலிருந்து தரைவரை தொங்கவிட்டு, அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தான். சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சாக்கு! அரியலூர்ப் பக்கம் காலில் இடறும் பொருள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் நானும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றிவிட்டது. அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, வாய் நிறைய வாழ்த்திவிட்டு, திரும்பிவந்து கண்ணாடி முன் உட்கார்ந்து மூஞ்சியைத் தொடர்ந்தேன்.

முடிந்த சிலையை எங்கள் ஆசிரியர் வந்து பார்த்தார். சுற்றிவந்தார். "உண்மையா இருக்குடா" என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஏதோ தத்துவத் தேடல் இறங்கிவிட்டதாக நினைத்து அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

விடுதியில் ஜூனியர்கள் ஈரப் பனியனைக் காயப்போட என் தலையைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். கலை கைவினையாகிவிடும் அபாயம் தெரிந்ததால் பொங்கல் விடுமுறைக்கு அதையும் ஊருக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அரியலூரில் பஸ் மாறியபோது கண்டக்டர் துண்டை விலக்கிப் பார்த்தார்.

"இதுக்கு டிக்கெட் வாங்குறியா, மடியில வெச்சுக்கிறியா?"

"மடியிலயே வெச்சுக்கறங்க."

"தூங்கிடாத. ரெண்டு தலையில ஒண்ணாவது நிமிந்து இருக்கட்டும்."

வீட்டு வாசலில் அம்மா வழிமறித்தாள். "உசுரோட இருக்கற புள்ளைக்கு செலை வெப்பாங்களாடா? அதுவும் தலைய மட்டும் தனியா! உள்ள கொண்டாராத."

"அம்மா, இது நாம்மா."

"நீ வா. அது வேணாம்."

பொங்கலுக்கு வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, பாவம் பார்த்தாள். மாமா குவைத்தில் இருந்ததால் பாடாலூர் வீட்டு வேலையைச் செங்கல் இறக்குவது முதல் அவள்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட குடு மருமவனே. சிமெண்டு மூட்ட வெச்சிருக்கற கொட்டாயில ஒரு ஓரமாப் போட்டு வெக்கறேன். வேணுங்கறப்ப வந்து எடுத்துக்க" என்று வேனில் ஏற்றிக்கொண்டு போனாள்.

பரீட்சை நெருங்கியதும் எடுத்துவரப் போனேன். பாடாலூரில் பஸ் மெதுவாகும்போதே தெரிந்தது. பாதி கட்டிய வீட்டின் முன்னால், போர்டிகோவின் மேல், ரோட்டைப் பார்த்தபடி நான். தலையில் சிவப்புத் துணியால் முண்டாசு. கன்னங்களில் சுண்ணாம்புப் புள்ளி. மூக்குக்குக் கீழே கறுப்புப் பெயிண்டில், காதுவரை போகும் ஒரு மீசை. கழுத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும்.

பக்கத்து சீட்டுக்காரரும் குனிந்து பார்த்தார். "வூடு எடுப்பா இருக்கு. பொம்மதான் கோரம்."

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

இறங்கி நின்று பார்த்தபோது ஒரு விஷயம் மனதை உறுத்தியது. எங்கள் கல்லூரிக் கண்காட்சிகளுக்கு வருகிறவர்கள் சிலைக்கு முன் நிற்கும் நேரத்தைவிட வடைத் தட்டுக்கு முன் நிற்கும் நேரம் அதிகம். 'பார்வையாளனை நிறுத்துவதே கலை' என்று வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இங்கே சென்னைக்குப் போகும் பஸ், திருச்சிக்குப் போகும் பஸ் என்று எல்லா ஜன்னலிலும் தலை திரும்பியது. வகுப்பில் பேசியதையெல்லாம் அது சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. என்ன, மீசை வேண்டியிருந்தது.

"அத்தை, அதை எறக்கிக் குடுங்க. பரீட்சைக்கு வெக்கணும்."

"அது எப்படிடா முடியும்?" அத்தை நிஜமாகவே அதிர்ந்துபோனாள். "வெச்ச திருஷ்டிப் பொம்மைய கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி எறக்குவாங்களா? வைகாசியில வந்து எடுத்துக்க."

"பரீட்சை சித்திரையிலங்க."

"கொத்தனாரக் கேளு."

கொத்தனார் சாந்துச் சட்டியை வைத்துவிட்டு வந்தார். "தம்பி, போன வாரம் மேல சாரத்துலேருந்து விழுந்தேன். விழுந்தவன் நேரா மணக் குமியல்ல விழுந்தேன். ஒரு சிராய்ப்பு இல்ல. எந்திரிச்சு மேல பாத்தா, இது என்னையவே பாத்துக்கிட்டு இருக்கு. அன்னைக்குத்தான் மீசை வெச்சேன். மரியாதைக்கி."

மணல் குவியலுக்கு நன்றி சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. விழுந்தது அவர்.

கெஞ்சியதில் அத்தை ஒரு படி இறங்கிவந்தாள். இதேபோல் பவர் உள்ள இன்னொன்றைச் செய்துகொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சிற்பக் கலை மாணவனுக்கு ஒரு பூதம் செய்யத் தெரியாதா? அங்கேயே அவர்கள் மணலிலும் சிமெண்டிலும் செய்தேன். உருட்டு விழி, கோரைப் பல், நெஞ்சுவரை தொங்கும் நாக்கு, இருக்கட்டும் என்று இரண்டு கொம்பு. படித்த வித்தையையெல்லாம் இறக்கினேன்.

அத்தை இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பொம்மடா."

"அதுவும் பொம்மதானே அத்தை!"

"இல்ல. இது சும்மா நாக்க நீட்டுது. அது மூஞ்சியில ஒரு வயித்தெரிச்சல் இருக்கு பாரு. அடுத்தவன் நல்லாருந்தா தாங்காத மூஞ்சி. வூட்டு மேல யாராவது கண்ணு வெக்கலாம்னு வந்தா, 'சரிதான், நமக்கு முன்னாடியே ஒருத்தன் வெச்சுட்டான்'னு போயிடுவான்."

கொத்தனார் மேலே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "கரெக்டுங்க" என்றார்.

ஆசிரியர் சொன்ன 'உண்மை' எது என்று அப்போதுதான் விளங்கியது. கண்ணாடிக்கும் களிமண்ணுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்த வாரங்களில் முக்கால்வாசி, விக்கிரமங்கலத்துச் சாக்கைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தத்துவத் தேடல் என்று நான் நினைத்திருந்தது சாக்குத் தேடல். அத்தனையும் முகத்தில் இறங்கியிருக்கிறது. அந்த வகையில் அது என் ஒரே வெற்றிகரமான சிற்பம்.

கொம்பு வைத்த பூதத்தை மணல் குவியல் மேல் வைத்தார்கள், நாய் படுக்காமல் இருக்க. மறுநாள் காலையில் நாய் அதன் நாக்கின் மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

இனி அரியலூர் லாரிகள்தான் என்று நான் செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். அத்தைக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பரீட்சைக்கு நீ இருக்கணுமா, தலை இருக்கணுமா?"

"தலை இருந்தாப் போதும். எங்களை வெளிய நிக்க வெச்சுட்டுச் சிலைய மட்டும்தான் பாப்பாங்க."

"அப்ப சரியாப் போச்சு. தலை போயிட்டு வரட்டும். அது வர்ற வரைக்கும் நீ இங்க நில்லு. மூஞ்சி ஒண்ணுதானே?"

சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

என் தலையைப் பத்திரமாகக் கும்பகோணம் கொண்டுபோகக்கூடிய ஆள் ஒருவன்தான் இருந்தான். பரீட்சை லீவில் விக்கிரமங்கலத்துக்கு வந்திருந்த அவனிடம் அத்தை வீட்டுப் போனிலிருந்து பேசினேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தான். யாரைப் பார்த்து வயிறெரிந்து செய்தேனோ அவன் மடியிலேயே என் தலையை வைத்துவிட்டு, "பாத்துடா, கீழ போட்டுடாத" என்றேன். அவன் மீசையைத் தடவிப் பார்த்தான். "இது எப்ப?" என்றான். "மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சுடு" என்றேன். பஸ் கிளம்பிவிட்டது.

நான் பாடாலூரில் வேலைக்குச் சேர்ந்தேன். போர்டிகோவுக்குக் கீழே, ரோட்டைப் பார்த்து ஒரு ஸ்டூல். சுவர்களுக்குத் தண்ணீர் விடும் நேரத்திலும், "மூஞ்சிய ரோட்டுப் பக்கமே வெச்சுக்க" என்று அத்தை நினைவூட்டினாள். "மீசை வரைஞ்சு விடவா தம்பி?" என்று கொத்தனார் தினமும் ஒருமுறை கேட்டார். பஸ் ஜன்னல்களைப் பார்த்து நான் முடிந்தவரை பொறாமைப்பட்டேன். ஆனால் என்ன காரணமோ, ஒரு தலையும் திரும்பவில்லை.

முதல் நாளே தண்ணீர் மோட்டார் புகைந்தது. அடுத்த நாள் வந்த செங்கல் லோடில் பாதி உடைசல். அதற்கடுத்து, வழியில் இறங்கி டீ குடித்த ஒரு குடும்பம் வாசலில் நின்று, "அடேங்கப்பா, எம்மாம் பெரிய வூடு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டுப் போனது. அன்று மாலையே அத்தைக்குப் பல்வலி.

"அது வாங்கி உள்ள வெச்சுக்கும்டா. நீ ஓட்டை. எல்லாம் ஒழுவிடுது" என்றாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. அந்தத் தலைக்குள் வெறும் காற்றுதான் என்பதை நான் சொல்லவில்லை. தொழில் ரகசியம்.

பரீட்சை முடிந்ததும் விக்கிரமங்கலத்துக்காரனே தலையோடு பாடாலூரில் வந்து இறங்கினான். மீசை அப்படியே இருந்தது. விரலால் சுரண்டிப் பார்த்தேன்.

"போவலடா. எவ்ளவோ தேச்சுப் பாத்தேன். அப்படியே வெச்சுட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"வெளியூர்லேருந்து மார்க்கு போட வந்தவரு ரொம்ப நேரம் நின்னு பாத்தாரு. மொகம் பரவாயில்லன்னாரு. அந்த மீசை துணிச்சலான முடிவுன்னாரு. பாஸு."

மேலே சாரத்தில் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் குரல் கொடுத்தார். "அது நான் வெச்சது!"

அத்தை அவனுக்குக் காபி கொடுத்து, நீ என்ன சிற்பம் செய்வாய் என்று விசாரித்தாள். அவன் சாக்கு என்றான். சென்னைக்குப் போன சாக்கு திரும்பி வந்துவிட்டதாம். யாரும் வாங்கவில்லை; விடுதியில் வைக்க இடமில்லை; வீட்டுக்கு எடுத்துப்போனால் அவன் அம்மா அடிப்பாளாம். அவன் சொன்ன விதத்தில், எனக்கு வரவேண்டிய சந்தோஷம் பாதி வழியில் நின்றுவிட்டது.

"சாக்கா?" அத்தையின் முகம் மலர்ந்தது. "சணலா, பிளாஸ்டிக்கா?"

"சணல்தாங்க."

"ஐயோ கொண்டாயேன்ப்பா! தூணுக்குச் சுத்தி ஈரம் காயாம வெக்க சாக்கு இல்லாமத்தான் அல்லாடிக்கிட்டு இருக்கேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் என் தலையைப் பார்த்தேன். அடுத்த வாரம், சென்னையில் தொங்கிய அந்தச் சாக்குகள் பாடாலூர்த் தூண்களைச் சுற்றி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே என் தலை. என் சூத்திரப்படி இரண்டுமே இப்போது கைவினை. எங்கள் இரண்டு பேரின் படைப்பும் ஒரே இடத்தில் காட்சிக்கு இருந்தது அந்த ஒருமுறைதான். பார்வையாளர்களுக்குக் குறைவே இல்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்த அத்தைக்கு மட்டும் திருப்தி இல்லை.

"என்னடா மருமவனே, பரீட்சைக்குப் போயிட்டு வந்ததுலேருந்து அது மொகம் தெளிஞ்சாப்புல இருக்கு? பழைய வயித்தெரிச்சலையே காணோம்."

"சிமெண்டுங்க அத்தை அது. எப்படி மாறும்?"

"எனக்குத் தெரியாது. கிரகப்பிரவேசம் வரைக்கும் தாங்கணும். மேல ஏறி ஏதாவது பண்ணு."

கொத்தனார் ஏணியைப் பிடித்துக்கொண்டார். விக்கிரமங்கலத்துக்காரன் கறுப்புப் பெயிண்டு டப்பாவை நீட்டினான். ஏறி, என் முகத்துக்கு நேரே முகம் வைத்து, மீசையை இன்னும் ஒரு விரற்கடை தடிமனாக்கினேன். படிப்பு முடிந்தபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.