எங்கல்ஹார்டின் இரண்டு விரல்கள்

ரப்பனெக் கோட்டை எங்கல்ஹார்ட், பேரரசரைத் தவிர வேறு யாருக்கும் தலைவணங்காத வீரர் குலத்தில் பிறந்தவர். தலை வணங்கவில்லைதான். ஆனால் வலக்கையின் இரண்டு விரல்களை உயர்த்திச் சத்தியம் செய்ய அவர் என்றும் அலுத்துக்கொண்டதில்லை. இருபது வயதில் ஒரு கோமகனுக்கு, முப்பதில் அந்தக் கோமகனின் எதிரிக்கு, நாற்பதில் அந்த வட்டாரத்தையே ஆண்ட பிஷப்புக்கு. ஒவ்வொரு முறையும் பழைய எசமானுக்கு, இனி உங்களுக்கும் எனக்கும் ஒட்டில்லை என்று முறைப்படி கடிதம் அனுப்பிவிட்டுத்தான் மாறினார். கடிதம் போய்விட்டால் மானம் பிழைத்தது. அவர் குலத்துக்கு அது ரொம்ப வசதியான வழக்கம்.

1525 வசந்தத்தில் குடியானவர்கள் பிஷப்புக்கு எதிராகக் கிளம்பினார்கள். பிஷப்பின் நிலங்களை எங்கல்ஹார்ட்தான் மேற்பார்த்து வந்தார். கோட்டை வாசலுக்கே வந்து, தலைவனாக வருகிறாயா, கொளுத்தட்டுமா என்று கேட்டார்கள். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து விரலை உயர்த்தினார். இந்த முறை கடிதம் எழுதக்கூட நேரமில்லை.

"என்ன எசமான், பிஷப்போட ரொட்டி புளிச்சிடுச்சா?" என்று கூட்டத்தில் ஒருவன் சிரித்தான்.

அவர் ஊர்க்காரர்கள் மட்டும் தயங்கினார்கள். உழவன் ஊட்ஸ் முன்னால் வந்தான்.

"பிஷப்புக்குச் சத்தியம் பண்ணியிருக்கோமே எசமான்?"

"நான் மட்டும் பண்ணலையா? தூக்குடா கையை. பழி வந்தா என் தலையில."

ஊட்ஸ் தூக்கினான். அவனைப் பார்த்து ஊரே தூக்கியது.

ஜூனில் பிஷப்பின் படை வந்தது. உளவு பார்த்து வருகிறேன் என்று பட்டப்பகலில் குதிரையேறிப் போன எங்கல்ஹார்ட் திரும்பவேயில்லை. நேரே பிஷப்பின் கூடாரத்துக்குப் போய் மண்டியிட்டார். குடியானவர்கள் அன்று மாலைக்குள் சிதறினார்கள். சத்தியம் மீறியவனுக்கு, உயர்த்திய அந்த இரண்டு விரல்களையும் வெட்டுவதுதான் தண்டனை என்பது எல்லாருக்கும் தெரியும்.

"உங்க ஊர்ல முதல்ல கையைத் தூக்கினது யாரு?" என்றார் பிஷப்பின் எழுத்தர். எதிரே நிற்பவரேதான் அதற்குப் பதில் என்று தெரியாதவர் அந்தக் கூடாரத்தில் யாரும் இல்லை.

"ஊட்ஸ்," என்றார் எங்கல்ஹார்ட்.

சந்தைத் திடலில் கட்டை போட்டார்கள். ஊட்ஸ் கூட்டத்தில் அவரைத் தேடினான். பழி என் தலையில் என்ற மனிதர் இப்போது வாய் திறப்பார் என்று கடைசிவரை நம்பினான். எங்கல்ஹார்ட் குனிந்து குதிரையின் சேணவாரை இறுக்கினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தில் காது எரிந்தது. கட்டையில் கோடரி விழும்வரை அவர் நிமிரவில்லை.

இலையுதிர்காலத்தில் ஊர் மறுபடி பிஷப்புக்குச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. வாசகத்தைச் சொல்லிக்கொடுக்க விரலை உயர்த்தி நின்றவர் எங்கல்ஹார்ட். ஊட்ஸின் முறை வந்தது.

"எந்தக் கையைத் தூக்கட்டும் எசமான்?" அவன் குத்திக்காட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டான்.

"வலது கைதான். வழக்கத்தை மாத்த முடியாது," என்றார் எழுத்தர்.

மூளியான கை மேலே வந்தது. எங்கல்ஹார்ட் வாசகத்தைத் தொடங்காமல் அந்தக் கையையே பார்த்தார். நான்தான் முதலில் தூக்கினேன் என்று சொல்ல அப்போதும் நேரமிருந்தது.

"சொல்லுங்க எசமான்," என்றான் ஊட்ஸ். "பின்னால பொம்பளைங்க குளிர்ல நிக்கிறாங்க."

அவர் பிஷப்பின் வாசகத்தைச் சொன்னார். ஊட்ஸ் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னான்.

அதன்பின் எங்கல்ஹார்ட் கையுறையைக் கழற்றவேயில்லை. "சாப்பிடும்போதும் எதுக்குங்க இது, கையில சொறியா?" என்று மனைவி கேட்டாள்.

"குளிருது," என்றார். அது கோடை உச்சத்தில் இருந்த ஜூலை மாதம்.