செப்டெம்பர் இரண்டாம் கிழமை, மேடெலயோஹ் கணவாய்

வெள்ளிக்கிழமை காலை 6.50க்கு பிராங்பேர்ட்டிலிருந்து ரயில் புறப்பட்டது. என்னோடு வந்தவள் மச்சாள் தேவி, என் கணவரின் தங்கை. இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பையில் ரொட்டி, செத்தல் மிளகாய் இடித்த கட்டைச் சம்பல், ஒரு போத்தல் பால் விடாத பிளேன்டீ. உல்ம் நகரில் ரயில் மாறி, பகல் 12.30க்கு ஓபர்ஸ்ட்டோர்ஃபில் இறங்கினோம். ஜெர்மனியின் தெற்கு விளிம்பு அது. தண்டவாளம் அங்கே முடிந்துவிடும், அதற்கப்பால் மலைதான்.

இந்த ஆண்டில் அங்கே நாங்கள் இறங்கியது இரண்டாம் முறை.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். அங்கே ஒரு வகுப்பறைச் சுவரில் ஒரு மலைப்படம் உண்டு. இரு பாறைகளுக்கு நடுவே தாழ்ந்த ஒரு வாசல், அதில் ஒரு மஞ்சள் வழிகாட்டிப் பலகை. அந்தப் படத்தின் தூசியைப் பல ஆண்டுகள் துடைத்தேன். அது எந்த இடமென்று ஆசிரியையிடம் கேட்க எனக்கு ஐந்து ஆண்டு எடுத்தது. மேடெலயோஹ் கணவாய், 1,973 மீற்றர், ஒரு கால் ஜெர்மனியிலும் மறு கால் ஒஸ்திரியாவிலும் வைக்கலாம் என்றார். போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இந்த ஆண்டு முழங்கால் வைத்தியர் நவம்பரில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துத் தந்தார். அதற்குப் பிறகு செங்குத்தான மலைப்பாதைகளை மறந்துவிடுங்கள் என்றார். ஆகவே இந்த ஆண்டு, இல்லையென்றால் இல்லை.

முதல் முறை ஜூன் நடுவில் போனோம். அந்த நாளை நாங்கள் குறித்தது மலையைப் பார்த்து அல்ல, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அழைப்பிதழ்களைப் பார்த்து. இந்த நாட்டில் எங்கள் ஆட்களின் கலியாணம், பெரியபிள்ளையான பெண்ணுக்குச் செய்யும் சாமத்தியவீடு, கோவில் தேர் எல்லாம் வெயில் மாதங்களில்தான் வந்து விழும். ஜூலை, ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமைகூடக் காலி இல்லை. பிராங்பேர்ட்டில் முப்பது பாகை வெயில். மலையிலும் வெயில்தானே என்று ஏறினோம்.

இரண்டு மணி நேரம் ஏறியதும், ஓடை இறங்கும் ஒடுங்கிய பள்ளம் முழுவதும் அழுக்குப் பனி நிரம்பிக் கிடந்தது. தேவி கால் வைக்கப் போனாள். மேலே மலைவிடுதியில் வேலை செய்யும் தாடிக்காரர் ஒருவர் மறுகரையில் நின்று கையைக் காட்டித் தடுத்தார்.

"கீழே தண்ணீர் ஓடுகிறது. நீங்கள் பார்ப்பது வெறும் கூரை. உடைந்தால் உங்களை எடுக்க முடியாது."

எப்போது வரலாம் என்று தேவி கேட்டாள். நான் அவள் பின்னால் நின்றேன். ஜூலையிலும் நிழலான இடங்களில் பனி கிடக்கும், ஆகஸ்டில் பின்னேரங்களில் இடி மின்னல், ஒக்டோபர் தொடக்கத்தில் விடுதியைப் பூட்டிவிடுவோம் என்றார். "செப்டெம்பர் இரண்டாம் கிழமை வாருங்கள்."

வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்த வாரச் சனிக்கிழமை ஹனோவரில் மணியக்காவின் மகளுக்குச் சாமத்தியவீடு. மணியக்கா என் கணவரின் ஒன்றுவிட்ட அக்கா. ஆராத்தி எடுக்கும் பெண்களில் நானும் ஒருத்தி என்று மாசியிலேயே சொல்லிவைத்திருந்தார். எனக்கு யாரிடமும் ஏலாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

"காய்ச்சல் எண்டு சொல்லும் மச்சாள்," என்றாள் தேவி.

"மூண்டு மாசத்துக்கு முன்னமே காய்ச்சலோ?"

மூன்று நாள் தொலைபேசியைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். நான்காம் நாள் மணியக்காவிடம் உண்மையையே சொன்னேன்.

"மலைக்கோ? என்ன நேர்த்திக்கடனே?"

"இல்லையக்கா. சும்மா. ஏறிப் பாக்க."

"சும்மாவோ? சரி, வை."

அதற்குப் பிறகு அவர் எனக்கு அழைப்பு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஓபர்ஸ்ட்டோர்ஃபிலிருந்து சிறிய பேருந்தில் ஸ்பீல்மன்ஸவ் என்ற இடம்வரை போனோம். ஆளுக்கு ஆறு யூரோ. பிற்பகல் 1.30க்கு நடக்கத் தொடங்கினோம். 850 மீற்றர் ஏற்றம். மற்றவர்களுக்கு மூன்று மணி நேரம், எங்களுக்கு ஐந்து. ஜூனில் தடுத்த பள்ளத்தில் இப்போது வெறும் கற்களும் மெல்லிய தண்ணீரும். விடுதி வாசலில் தாடிக்காரர் எங்களை அடையாளம் கண்டு சிரித்தார்.

"கூரை போய்விட்டது, பார்த்தீர்களா?"

ஏழரை யூரோவுக்குப் பருப்புச் சூப். அதற்குள் தேவி சம்பலைக் கரைத்தாள். பக்கத்து மேசைக்காரர் தும்மினார்.

சனி காலை 7 மணிக்கு வெளியே வந்தால், புல்லும் படியும் உறைந்து வெள்ளையாக இருந்தன. என் முழங்கால் இரவில் வீங்கியிருந்தது. இவ்வளவு வந்து, ஏற இன்னும் நூற்றுமுப்பது மீற்றர்தான். "வெயில் படிக்கு வரும்வரை பொறுங்கள். இந்த மாதத்தில் காலையில் அவசரப்படுகிறவர்கள்தான் விழுவார்கள்," என்றார் தாடிக்காரர். 9.45க்குப் புறப்பட்டோம். அரை மணி நேர வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. கடைசித் திருப்பத்தில் தேவி என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"ஏறுமப்பா, மச்சாள். ஆராத்தி நேரம் வருது."

அந்தப் பாறைகள், அந்த மஞ்சள் பலகை. படத்தில் இல்லாதது காற்று. நேரம் 10.55. ஹனோவரில் பதினொன்றுக்கு ஆராத்தி. தேவி போத்தல் மூடியில் பிளேன்டீ ஊற்றி ஹனோவர் இருக்கும் வடக்குப் பக்கம் திரும்பச் சொன்னாள். இருவருமாக அந்த மூடியைப் பிடித்து மூன்று முறை சுற்றினோம். ஒஸ்திரியாப் பக்கத்திலிருந்து ஏறிவந்த நான்கு பேர் நின்று பார்த்தார்கள். வழக்கமாக வெட்கத்தில் பாதியில் விட்டிருப்பேன். அன்று விடவில்லை. பிறகு அந்தத் தேநீரை ஆளுக்குப் பாதி குடித்தோம். ஒரு காலை அங்காலும் ஒரு காலை இங்காலும் வைத்து நின்றேன். வீங்கிய கால் ஒஸ்திரியாவில் நின்றது.

அன்றிரவும் விடுதியில் தங்கி, ஞாயிறு முற்பகல் இரண்டு தடிகளை ஊன்றி இறங்கினோம். கீழே வரும்போது மழை. ஓபர்ஸ்ட்டோர்ஃப் ரயில் மேடையில் நின்று திரும்பிப் பார்த்தேன். முகில் ஒருகணம் விலகியது. முதல்நாள் நாங்கள் நின்ற உயரம் முழுவதும் வெள்ளையாகிவிட்டது. ஒரு நாள் பிந்தியிருந்தால் ஏறியிருக்க மாட்டோம்.

ரயில் நகர்ந்ததும் தொலைபேசியில் மணியக்காவின் செய்தி. ஆராத்தி வரிசையின் படம். அதில் ஒரு தட்டை அவரே பிடித்திருந்தார்.

"உன்ர தட்டை நான்தான் பிடிச்சனான். கால் எப்பிடி? மேல போனியோ? இனிமேல் கொண்டாட்டமில்லாத மாசமாப் பாத்துப் போ."

உல்ம் வரும்வரை யோசித்து எழுதினேன்: "போனன் அக்கா. கால் பரவாயில்லை. ஆனா கொண்டாட்டமில்லாத மாசமெல்லாம் அங்க பனி."